வேன் ஒலி கேட்டதும் துப்பப்படும் இட்லி: முதல் வகுப்புப் பிள்ளையின் காலை உணவு

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். ஐந்தரை வயது நிறைந்த என் மகன் இந்த ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேர்ந்தான். பள்ளி வேன் காலை 7.25 மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். 6.30 மணிக்கு அவனை எழுப்பிப் பல் துலக்கி, ஒரு டம்ளர் பால் கொடுத்து, குளிப்பாட்டிச் சீருடை அணிவித்து முடிப்பதற்குள் 7.05 ஆகிவிடுகிறது. எஞ்சியுள்ள இருபது நிமிடத்தில் மூன்று இட்லி ஊட்டி முடிப்பதற்குள் அவனுக்கும் கண்ணீர் வருகிறது, எனக்கும் வருகிறது.

முதல் வாயை மென்று விழுங்குவான். இரண்டாவது வாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பான். "முழுங்குடா" என்று நான் பத்து முறை சொன்ன பிறகும் அது அங்கேயே இருக்கும். வேனின் ஒலி கேட்டதும் கைகழுவும் தொட்டிக்கு ஓடி அத்தனையையும் துப்பிவிட்டுப் புத்தகப்பையைத் தூக்கிக்கொள்வான். கதை சொல்லிப் பார்த்தேன், சாக்லேட் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன், போலீஸ்காரர் வருவார் என்று மிரட்டியும் பார்த்தேன். கைபேசியில் பொம்மைப் படம் ஓடினால் மட்டும் வாய் திறக்கிறது.

பத்து மணிக்கெல்லாம் வகுப்பில் சோர்ந்து மேசையில் சாய்ந்துவிடுகிறான் என்று ஆசிரியை குறிப்பேட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். சிற்றுண்டி இடைவேளை 10.20 மணிக்குத்தான். விடுமுறை நாள்களில் ஒன்பது மணிக்கு அவனே தோசை கேட்டுச் சாப்பிடுகிறான் என்பதால் உணவின் மீது வெறுப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வைகைக்காரன்

வணக்கம் சகோதரி. எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளிடம் நானும் இப்படித்தான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பசித்தால் சாப்பிடு, இல்லையென்றால் அப்படியே போ என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் வெறும் வயிற்றோடு போனாள். மூன்றாம் நாள் அவளே வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள். பசி அறியாத பிள்ளைக்கு ஊட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது. இரண்டு நாள் பட்டினி போட்டுப் பாருங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

காவிரிப் பாட்டி

மகளே, இட்லியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய். பிள்ளை முந்தைய இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று ஒரு வரிகூட இல்லையே. நாங்கள் பிள்ளை வளர்த்த நாளில் விளக்கு வைத்து ஒரு நாழிகைக்குள் அவர்களுக்குச் சோறு போட்டுவிடுவோம். எட்டு மணிக்குத் தூங்கிய பிள்ளை விடியற்காலையில் எழுந்து, அடுப்படியில் வந்து நின்று, பழைய சோற்றில் தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து கொடுத்தால் கையை நக்கிச் சாப்பிடும். அந்த நாளில் பிள்ளைகள் உத்தமர்களாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை, இரவு உணவு செரித்து வயிறு காலியாக இருந்தது, அவ்வளவுதான். உன் வீட்டு இரவு வழக்கத்தை எழுது, பிறகு பேசலாம்.

நொய்யல்கரை

பாட்டி அவர்களுக்கு வணக்கம். என் கணவர் பனியன் நிறுவனத்தில் பணியாற்றுகிறார். அவர் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். அப்பாவுடன்தான் சாப்பிடுவேன் என்று மகன் காத்திருப்பதால் இரவு உணவு 9.30 மணிக்கு. தூங்குவதற்கு 10.15, சில நாள்களில் 10.30 கூட ஆகிறது. எழுதிப் பார்க்கும்போது எனக்கே சற்றுச் சங்கடமாக இருக்கிறது.

வெள்ளுடை

நான் குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலி. மருத்துவரின் இடத்தில் என்னை வைத்துக்கொள்ளாமல், ஒரு மூத்தவளின் யோசனையாகப் படிக்கவும்.

பாட்டி அவர்கள் கேட்டதே முதல் கேள்வி. 9.30 மணிக்குச் சோறும் குழம்பும் உண்ட பிள்ளையை எட்டு மணி நேரத் தூக்கத்தில் எழுப்புகிறீர்கள். இந்த வயதுக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அரைத் தூக்கத்தில் எழுந்த பிள்ளைக்குப் பசி உடனே வராது, பெரியவர்களுக்கே வருவதில்லை. அதோடு, எழுந்த சில நிமிடங்களில் ஒரு டம்ளர் பால் கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் டம்ளர் இருநூறு மில்லிலிட்டர் பிடிக்குமானால், ஐந்து வயது வயிற்றுக்கு அது சிறிய அளவில்லை. கொழுப்பும் புரதமும் உள்ள பால் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். ஆகவே நீங்கள் தட்டை நீட்டுகிற நேரத்தில் அவன் ஏற்கெனவே ஒரு சாப்பாட்டை முடித்தவனாக இருக்கிறான். பாலை மாலைக்கு மாற்றுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைகள் மற்ற உணவுகளை ஒதுக்குவதையும், அதனால் இரும்புச்சத்துக் குறைந்து வெளிறிப்போவதையும் பிரிவில் நிறையவே பார்த்திருக்கிறேன். பாலுக்குப் பதிலாகத் தேநீர் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. தேயிலை உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

மூன்று இட்லி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காக முதல் ஆண்டிலேயே ஏறும் பிள்ளை, இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறையும். தாய்மார்களுக்கு அது நோய் போலத் தெரியும். ஆறு வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் தோராயமான எடை கிடைக்கும். உங்கள் மகனுக்கு அது 19 கிலோ. ஒன்றிரண்டு கிலோ முன்பின் இருந்தாலும், ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தால் கவலை வேண்டாம். அதற்கு வெகுவாகக் கீழே இருந்தாலோ, எடை இறங்கினாலோ, நகமும் கண்ணின் கீழிமையும் வெளிறியிருந்தாலோ, மண், சுண்ணாம்பு, திருநீறு போன்றவற்றை எடுத்துத் தின்றாலோ மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் அது சோகை. பூச்சி மாத்திரையையும் மறந்துவிடாதீர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கப்படும் அல்பெண்டசோலை அவன் விழுங்கினானா, கன்னத்தில் ஒதுக்கித் துப்பினானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வைகைக்காரன் ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். திணிக்கக் கூடாது என்பது சரி. அழும் பிள்ளையின் வாயில் உணவைத் திணித்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து உண்டு. ஆனால் தட்டைப் பறித்துப் பட்டினி போடுவது தண்டனை. என்ன உணவு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளைக்கு விட்டுவிடலாம். தட்டு அவன் முன்னால் இருக்கட்டும். நேரம் முடிந்ததும் திட்டாமல் எடுத்துவிடுங்கள். அந்த நாளில் ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

தாமிரபரணி

கைபேசியை எல்லாரும் பூதமாக்குகிறார்கள். என் மகளுக்குப் பத்து நிமிடம் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் இரண்டு தோசை இறங்கிவிடுகிறது, நானும் அலுவலகத்துக்கு நேரத்தில் கிளம்பிவிடுகிறேன். வயிறு நிறைந்தால் சரிதானே? முன்பு நிலாவைக் காட்டி ஊட்டியதும் இதே வித்தைதான்.

காவிரிப் பாட்டி

தம்பி, காலை ஏழு மணிக்கு நான் எந்த நிலாவைக் காட்டினேன்? நிலாவைக் காட்டியது இரவுச் சோற்றுக்கு, அதுவும் இடுப்பில் தூக்கி வைத்திருந்த பிள்ளைக்கு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு யாரும் நிலாவைக் காட்டவில்லை.

வெள்ளுடை

தாமிரபரணி அவர்களே, திரையைப் பார்த்துக்கொண்டு உண்ணும் பிள்ளை தன் வயிறு நிறைந்ததையே கவனிப்பதில்லை. ஆகவே இப்போது "சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்" என்று வருந்தும் அதே வீட்டில், சில ஆண்டுகள் கழித்து "நிறுத்தவே மாட்டேன் என்கிறாள்" என்ற வருத்தம் வரக்கூடும். உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது, ஒரு நாள் போட்டதால் எதுவும் கெட்டுவிடாது. அது இல்லாமல் வாய் திறக்காது என்ற நிலை வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

கடைமடை ஆசிரியை

வணக்கம். நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இதே வயதுப் பிள்ளைகள் காலை உணவு உண்பதை அன்றாடம் பார்ப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகளுக்கு மட்டுமே இருந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள ஒரு பிள்ளைக்கு அரிசி, ரவை, கோதுமை ரவை, சேமியா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அவற்றுடன் காய்கறி என்பதே அரசு வகுத்த அளவு. இது சமைப்பதற்கு முன் உள்ள எடை. திட்டம் வந்த புதிதில், இவ்வளவு போதுமா என்று நானும் ஐயப்பட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவே நிறைவாக இருப்பதை நாள்தோறும் காண்கிறேன். சகோதரியின் மூன்று இட்லியில் உள்ள மாவையும் அதற்கு முன் குடித்த பாலையும் சேர்த்துக் கணக்கிட்டால், பத்து வயதுப் பிள்ளைக்கு வைத்த அளவையும் அது தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன்.

நான் சொல்ல விரும்புவது அளவைப் பற்றி மட்டுமன்று. "வீட்டில் உப்புமா என்றாலே ஓடிவிடுவான், டீச்சர்" என்று ஜூன் மாதத்தில் தாய்மார்கள் வந்து சொல்வார்கள். அந்தப் பிள்ளை முதல் வாரம் தட்டை நகர்த்தி வைப்பான். இரண்டாம் வாரம் பக்கத்துப் பிள்ளையின் தட்டிலுள்ள காரட்டை எடுப்பான். ஜூலையில் வரிசையோடு வரிசையாக உட்கார்ந்து, பேசிக்கொண்டே அதே உப்புமாவை உண்டு முடிப்பான். எங்கள் பள்ளியில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே வரிசையில் உட்காருகிறார்கள். சமையல் வீட்டுச் சமையலைவிட மேலானது என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை உப்புமாவுக்கு முணுமுணுப்பு எழுவதும், பொங்கல் போடும் புதன்கிழமை தட்டுகள் துடைத்து வைத்தது போல் இருப்பதும் எங்களுக்கும் வழக்கம்தான். ஆனால் ஒரு பிள்ளையின் வாயை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டு எவரும் எதிரே உட்கார்ந்திருப்பதில்லை. எல்லாரும் உண்கிறார்கள், ஆகவே அவனும் உண்கிறான்.

உங்கள் வீட்டில் காலையில் யார் அவனோடு உட்கார்ந்து உண்கிறார்கள்? நீங்கள் நின்றுகொண்டு ஊட்டுகிறீர்கள், அவன் தந்தை அப்போது உறங்கிக்கொண்டிருக்கலாம். இரவில் அப்பாவுடன்தான் உண்பேன் என்று ஒன்பது மணி வரை பசியைத் தாங்கும் பிள்ளைக்குக் காலையில் அந்தத் துணை இல்லை.

இன்னொன்று. விடுமுறையில் தோசை கேட்பவன் பள்ளி நாளில் துப்புகிறான் என்றால், நேரக் குறைவைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம். அதைக் காலையில் கேட்காதீர்கள், இரவு விளக்கை அணைத்த பிறகு கேளுங்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்க்காதபோதுதான் உள்ளதைச் சொல்கிறார்கள்.

இளந்தாய்

என் மகளுக்குக் காலை உணவு முடிந்த உடனே கழிவறைக்குப் போக வேண்டும். உண்டதும் குடல் அசைவது இயல்பு என்று மருத்துவர் சொன்னார். வேன் வந்துவிடும், பள்ளிக் கழிவறைக்குப் போக அவளுக்குப் பிடிக்காது. ஆகவே உண்பதையே தவிர்த்தாள் என்று எங்களுக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. கால் மணி நேரம் முன்னதாக எழுப்பத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. டீச்சர் சொன்னது போல் கேட்டுப் பாருங்கள்.

நொய்யல்கரை

நேற்று இரவு கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சாப்பிட்டா வேன்ல வாந்தி வரும்மா. அந்த அண்ணா என்னைய வாந்தி வண்டினு கூப்பிடறாங்க" என்றான்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அவன் வேனில் வாந்தி எடுத்தது உண்மை. புதுப் பள்ளியின் பயமாக இருக்கும் என்று நினைத்துச் சட்டையை மாற்றியதோடு அதை மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் வாந்தி வராது என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்து, ஆறு வாரமாகக் கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கித் துப்பிக்கொண்டிருந்திருக்கிறான். பாலை மட்டும் நான் கையில் பிடித்துக் குடிக்க வைத்துவிடுவதால் அவனால் தப்ப முடியவில்லை. நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வைகைக்காரன்

சகோதரி, பட்டினி போட்டுப் பாருங்கள் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தொழிலே பள்ளி வேன் ஓட்டுவதுதான். ஒன்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். இந்த விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எந்த வேனிலும் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அவர்களில் பெரும்பாலோர் சின்ன வகுப்பு. பின் சக்கரத்துக்கு மேலேயும் கடைசி வரிசையிலும் குலுக்கல் அதிகம். பெரிய பிள்ளைகள் சன்னலோரத்தைப் பிடித்துக்கொள்வதால், இந்தச் சின்னஞ்சிறுசுகள் நடுவில் நெருக்கி உட்கார்ந்து, வெளியே எதையும் பார்க்க முடியாமல் முன்னிருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அதுதான் தலைசுற்றலுக்கு முதற்காரணம். ஓட்டுநரிடம் நேரில் பேசி, முன்வரிசையில் சன்னலோரம் இடம் கேளுங்கள். எங்களில் எவரும் மறுக்க மாட்டோம், வண்டியைக் கழுவுகிறவர்கள் நாங்கள்தானே. வாசனைத் திரவியப் புட்டி தொங்கினால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏறுவதற்குச் சற்று முன்பு பால் குடித்த பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் வரும். ஒன்றுமே சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கும் வரும், இதை அவனுக்குச் சொல்லிப் புரிய வையுங்கள். பையின் பக்க அறையில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்து, வந்தால் இதில் எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டிவிடுங்கள். உறை இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். கேலி செய்யும் பையனை ஓட்டுநரே கண்டிக்கட்டும், நீங்கள் போய்ச் சண்டை பிடித்தால் உங்கள் மகனுக்குத்தான் மறுநாள் கூடுதலாகக் கிடைக்கும்.

வெள்ளுடை

வைகைக்காரன் ஐயா எழுதியதற்கு மேல் சேர்க்க வேண்டியது சிறிதுதான். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பயண வாந்தி மிகவும் இயல்பானது. எண்ணெய்ப் பலகாரம், பால், மிகுந்த காரம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஆவியில் வெந்த எளிய உணவை வேன் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு கொடுங்கள். குளியலும் சீருடையும் உணவுக்குப் பிறகு இருக்கட்டும். சீருடை கறைபடுமோ என்ற பதற்றமும் அதோடு ஒழியும்.

காவிரிப் பாட்டி

திருப்பூரில் இருந்துகொண்டு, இடியாப்பம் போன்ற சந்தகை பிழியாமல் நாள்தோறும் இட்லியா? தேங்காய்ப்பூவும் நாட்டுச்சர்க்கரையும் தூவிக் கொடுத்துப் பார். ஊட்டாதே, அவன் கையால் பிய்த்துத் தின்னட்டும்.

நொய்யல்கரை

உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, இருபத்து நான்கு நாள்களில் நடந்தவற்றை எழுதுகிறேன்.

இரவு உணவை 7.45 மணிக்கு மாற்றினோம். முதல் நான்கு நாள்கள் அப்பா வேண்டும் என்று அழுதான். அதற்கு ஈடாக, அவன் அப்பா காலையில் 6.30 மணிக்கு எழுந்து அவனுக்கு எதிரே தட்டு வைத்து உட்காருவது என்று ஒப்புக்கொண்டார். எட்டரை மணிக்குக் கிளம்பும் மனிதருக்கு அது எளிதாக இல்லை. முதல் வாரத்தில் தந்தையைத்தான் நான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. இப்போது மகன் 9 மணிக்குத் தூங்கி 6.10 மணிக்கு எழுகிறான். 6.35 மணிக்கு இருவரும் தரையில் உட்கார்ந்து உண்கிறார்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வராமல் இருக்கப் பழகிக்கொண்டேன். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

பால் மாலைக்குப் போய்விட்டது. காலையில் இரண்டு இட்லியோ, பருப்புப் பொடி தடவிய ஒரு தோசைச் சுருளோ தயாராக இருக்கும். பெரும்பாலான நாள்களில் முடித்துவிடுகிறான். திங்கட்கிழமைகளில் ஒன்றோடு நின்றுவிடுகிறது. கடந்த வியாழக்கிழமை எதையும் தொடவில்லை. பழம் கொடுத்து அனுப்பினேன், மறுநாள் வழக்கம் போல் உண்டான். எடை பார்த்ததில் 18 கிலோ 200 கிராம் இருந்தது. ஆசிரியையிடமிருந்து புதிய குறிப்பு எதுவும் வரவில்லை.

வேனில் ஓட்டுநருக்குப் பின்னால் சன்னலோர இடம் கிடைத்தது. ஒரு முறை மட்டும் வாந்தி வந்து, உறையிலேயே எடுத்துவிட்டான். அந்த அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை என்றும், தண்ணீர் புட்டியைத் திறந்து கொடுத்தான் என்றும் மாலையில் என்னிடம் சொன்னான்.

சந்தகை அச்சைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்திருக்கிறேன். அது பிழிவதற்குக் கனமானது, என் ஒருத்தியால் முடியாது. நாளைக் காலையில் ஆறு மணிக்கு அப்பாவை எழுப்பி அடுப்படிக்கு அழைத்து வருவது தன் வேலை என்று மகன் சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான்.